ஆடி ஞாயிறில் ஓர் ஆன்லைன் பரீட்சை

மாமல்லபுரம் கடற்கரையோரம் ஒரு ரிசார்ட்டில், வரவேற்பு மேசைக்குப் பின்னால் நின்று சிரிப்பது என் வேலை. சிரிப்புக்குத் தனிப் படி கிடையாது. பழைய மேலாளர் துபாய்க்குப் போனதும் அவர் வேலையும் என் தலையில் விழுந்தது. சட்டையில் குத்திக்கொள்ள 'பொறுப்பு மேலாளர்' என்று ஒரு பித்தளைப் பட்டை கொடுத்தார்கள். பட்டை புதிது, சம்பளம் பழையது.

என்னை நிரந்தர மேலாளராக்கும்படி கேட்டு மனிதவளப் பிரிவு அம்மாளிடம் போய் நின்றேன்.

"உங்க வேலையில ஒரு குறையும் இல்ல சார். ஆனா கம்ப்யூட்டர்ல டிகிரின்னு ஒரு கட்டம் இருக்கு. அதை நிரப்பினாத்தான் அடுத்த பக்கமே வருது" என்றார்.

"பாதி டிகிரி இருக்கு மேடம்."

செங்கல்பட்டில் கல்லூரிக்கு இரண்டாம் வருடம் வரை போனவன் நான். மூன்றாம் வருடம் ஏன் போகவில்லை என்பதற்கு அப்பாவின் உடம்பு, வீட்டு நிலைமை என்று கௌரவமான காரணங்கள் கைவசம் உண்டு. கணக்குப் பதிவியல் தாளும் ஒரு காரணம் என்பதை வெளியில் சொல்வதில்லை.

"பாதிக்குக் கட்டம் இல்ல சார்" என்றார் அம்மாள். பிறகு மனமிரங்கி, "சேர்ந்து படிங்க. முடிக்கிற வரைக்கும் பொறுப்புலயே இருங்க. முடிச்சதும் நிரந்தரம்" என்றார்.

எவ்வளவு பெரிய மனசு என்று கும்பிட்டுவிட்டு வந்தேன். வீட்டில் சொன்னபோது என் மனைவி தையல் மெஷினை நிறுத்தவேயில்லை.

"மேனேஜரு வேலைய கிளார்க்கு சம்பளத்துக்கு பாக்க ஒரு இளிச்சவாயன் கெடச்சிருக்கான். மூணு வருசம் இன்னா, முப்பது வருசம்கூட காத்துகினு இருப்பாங்க."

நான் எதற்குக் கும்பிட்டுவிட்டு வந்தேன் என்று அந்த நிமிஷமே தெரிந்துவிட்டது. இருந்தாலும் வேறு வழி?

அடுத்த நாள் வேலை முடிந்து புதுப்பட்டினத்து வீட்டுக்குத் திரும்பும் பஸ்ஸில் கைபேசியை எடுத்து, வேலை பார்த்துக்கொண்டே டிகிரி வாங்குவது எப்படி என்று தேடினேன். தேடியது ஒரே ஒரு தடவை. மறுநாள் காலையிலிருந்து நாடே என் படிப்பில் அக்கறை கொண்டுவிட்டது. ரிசார்ட்டில் விருந்தினர் பெட்டியை இறக்கும்போது மணி அடிக்கும். "உங்க கனவுக்கும் உங்களுக்கும் நடுவுல ஒரே ஒரு ஓ.டி.பி.தான் சார் இருக்கு" என்றது ஒரு பெண்குரல். என்னை இவ்வளவு அன்பாக யாரும் 'சார்' போட்டதில்லை. கட்டணத்தைக் கேட்டதும் கைபேசியை மெதுவாகக் கீழே வைத்தேன்.

பிறகு உட்கார்ந்து ஒவ்வொன்றாக அலசினேன். கல்யாணத்துக்குப் பெண் பார்த்தபோதுகூட இவ்வளவு விசாரிக்கவில்லை. அதற்கும் சேர்த்து மனைவி இப்போது என்னை ஒரு பார்வை பார்த்தாள்.

அஞ்சல்வழிப் படிப்புதான் எல்லாவற்றிலும் மலிவு. புத்தகக் கட்டு வீட்டுக்கே வரும். ஆனால் பரீட்சையைச் செங்கல்பட்டில் ஒரு மையத்தில் உட்கார்ந்து எழுத வேண்டும். அது டிசம்பரிலும் மே மாதத்திலும் வரும். டிசம்பரிலும் மே மாதத்திலும் எங்கள் ரிசார்ட்டில் ஈ நுழைய இடமிருக்காது, எனக்கு லீவு கேட்க வாய் இருக்காது. திறந்தநிலைப் படிப்பும் ஏறக்குறைய அதே சங்கதி. அதோடு சனி, ஞாயிறுகளில் நேர்வகுப்பு. ஊரெல்லாம் ஓய்வெடுக்கும் அந்த இரண்டு நாட்களில் அவர்களுக்குத் துண்டு மடித்து வைப்பவர்களைப் பற்றி அட்டவணை போட்டவர்கள் யோசித்திருக்க மாட்டார்கள்.

கூடுவாஞ்சேரியில் மொபைல் கடை மாடியில் ஒருவர் சீக்கிரமாக முடித்துத் தருகிறார் என்று கேள்விப்பட்டு, வார ஓய்வு நாளில் செங்கல்பட்டில் ரயிலேறிப் போனேன். நல்ல மனிதர், டீ சொன்னார்.

"எந்த வருஷம் பாஸ் பண்ண மாதிரி வேணும் சார்?"

"நான் இன்னும் படிக்கவே இல்லீங்களே?"

"அது உங்க இஷ்டம் சார். செல பேரு படிக்கவும் செய்றாங்க."

டீயைக்கூடக் குடிக்காமல் இறங்கி வந்தேன். நேர்மை என்று யாரும் நினைத்துவிட வேண்டாம், பயம்.

மிஞ்சியது முழு ஆன்லைன் படிப்பு. கொஞ்சம் கூடுதல் செலவுதான், ஆனால் தவணையில் கட்டலாம். அரசு அனுமதித்த பட்டியலில் அந்தப் பல்கலைக்கழகத்தின் பெயர் இருக்கிறதா என்று தேடிப் பார்த்தேன், இருந்தது. பாடம் நடத்தும் காணொளிகளை எப்போது வேண்டுமானாலும் பார்க்கலாம். பரீட்சையையும் வீட்டிலிருந்தே எழுதலாம். 'உங்கள் வசதிப்படி, உங்கள் இடத்தில்' என்று போட்டிருந்தார்கள். என் இடம் என்பது ஒரு ஹாலும், திரைச்சீலைக்கு அந்தப்பக்கம் ஓர் அடுப்படியும், நடுவில் ஒரு தையல் மெஷினும் என்பதை அவர்கள் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை.

பஸ்ஸில் நின்றபடியே பி.பி.ஏ. படித்தேன். பக்கத்தில் மீன்கூடை, காதில் மேலாண்மைத் தத்துவம். தலைமைப் பண்பு பற்றிய பாடம் ஓடும்போது கண்டக்டர், "உள்ள போய்யா, கம்பத்த கட்டிப்புட்ச்சிகினு நிக்கிற" என்பார், போவேன். எப்படியோ தாள் தாளாகத் தேறி, கடைசியில் ஒரே ஒரு தாள் பாக்கி நின்றது. இதற்குள் ரிசார்ட் கை மாறியிருந்தது. புது முதலாளிகள் ஆவணிக்குள் மேலாளர் இடத்தை நிரப்பியாக வேண்டும் என்றார்கள். "அதுக்குள்ள முடிச்சிட்டீங்கன்னா சீட்டு உங்களுக்குத்தான்" என்றார் மனிதவள அம்மாள்.

கடைசித் தாளுக்குச் சனி, ஞாயிறுகள்தான் தேதி; ஒரே ஒரு நாள் லீவுதானே, கேட்டு வாங்கிவிடலாம். படிக்க இன்னும் கொஞ்சம் நாள் கிடைக்குமே என்று கடைசி ஞாயிற்றுக்கிழமையைத் தேர்ந்தெடுத்துப் பொத்தானை அழுத்திவிட்டு, பெருமையோடு மனைவியிடம் சொன்னேன்.

"யோவ், அது ஆடி மாசம். அன்னிக்கு நம்ம தெரு அம்மனுக்கு கூழ் ஊத்துறாங்க."

எங்கள் தெரு அம்மனுக்குக் கூழ் ஊற்றுவது என்றால் விடிந்ததிலிருந்து பொழுது சாயும் வரை குழாய் ரேடியோ அலறும். அந்தக் குழாய்களில் ஒன்றை என் வீட்டுச் சுவரை ஒட்டிய கம்பத்தில்தான் வருடாவருடம் கட்டுவார்கள். இந்தத் தெருவிலேயே பிறந்து வளர்ந்தவன், ஆடி ஞாயிறில் அமைதியாகப் பரீட்சை எழுதப் பொத்தானை அழுத்தியிருக்கிறேன். மேலாண்மை படித்த மூளை. தேதியை மாற்றலாமா என்று பார்த்தேன். ஒருமுறை அழுத்தினால் மாற்ற முடியாது என்று பொத்தானுக்குக் கீழேயே பொடி எழுத்தில் போட்டிருந்தது.

நேராக மைக்செட்காரரிடம் போனேன். கோயில் கமிட்டியிலும் அவர்தான், மைக்கும் அவருடையதுதான். என்னோடு பள்ளிக்கூடத்தில் படித்தவர். விஷயத்தைச் சொன்னேன். கேமரா என்னையே பார்த்துக்கொண்டிருக்கும், கண்ணை அப்படி இப்படித் திருப்பக்கூடாது, வெளிச்சத்தம் கேட்கக்கூடாது, மூன்றாவது எச்சரிக்கையோடு பரீட்சையை மூடிவிடுவார்கள் என்று விளக்கினேன்.

"இவ்ளோதானா மச்சான்? நம்ம தெருவுலேர்ந்து ஒர்த்தன் மேனேஜரு ஆவுறான்னா அம்மனே ரெண்டு மணி நேரம் காத்துகினு இருப்பா. நீ போயி குந்தி எழுது. ஒரு ஈ காக்கா கத்தாது, நான் பாத்துக்கறேன்."

சொன்னபடியே செய்தார். பரீட்சை தொடங்குவதற்குக் கொஞ்சம் முன்பு பாட்டு நின்றது. மனைவி கூழ் கிளறக் கோயிலுக்குப் போய்விட்டாள். மடிக்கணினியைத் தூக்கி நாலு சுவரையும் கேமராவுக்குக் காட்டினேன். தையல் மெஷினைப் புடவை போட்டு மூடியிருந்தேன். ஆடி ஞாயிறு அவ்வளவு அமைதியாக இருந்து நான் பார்த்ததில்லை. பாதிக் கேள்விகளை முடித்துவிட்டேன். நாற்காலியும் மேசையும் கண்ணாடித் தடுப்பும் கொண்ட மேலாளர் அறை கண்முன் வந்துபோனது.

அப்போது தெருமுனையில் பம்பைக்காரர்கள் வந்து சேர்ந்தார்கள்போல. ஒரு தட்டுத் தட்டினார்கள். உடனே என் சுவருக்குப் பக்கத்துக் குழாய் கரகரத்தது.

"பொதுமக்களுக்கு ஒரு பணிவான வேண்டுகோள்! நம்ம தெரு ஓட்டல் அண்ணாத்த இப்ப வூட்டுக்குள்ள பரீச்ச எழுதிகினு கீறாரு! யாரும் சத்தம் போடாதீங்கோ! பம்பக்காரரே, கொஞ்சம் நிறுத்துபா!"

திரையில் சிவப்பாக ஒரு கட்டம் வந்தது: அறையில் வேறொருவர் குரல் கேட்கிறது.

ஓடிப்போய் வாயைப் பொத்தலாம் என்றால் நாற்காலியை விட்டு எழுந்தாலும் எச்சரிக்கைதான். சிலைபோல உட்கார்ந்திருந்தேன். மறுபடியும் குழாய் கரகரத்தது.

"தாய்மார்களே, கூழ் வாங்க வர்றவங்க கொடத்த உருட்டாதீங்கோ! அண்ணாத்த கடைசி பரீச்ச எழுதுறாரு! இதுல பாஸாயிட்டார்னா மேனேஜரு! ஏய், அந்த புள்ளங்கள புடிங்கபா!"

மூன்றாவது அறிவிப்பில் எனக்கு அம்மனின் அருள் வேண்டி ஒரு வாழ்த்தும் சேர்ந்துகொண்டது. அது முடிவதற்குள் திரை மூடிக்கொண்டது. பாதிப் பதிலோடு நான் வெளியே. குழாய் மட்டும் இன்னும் கொஞ்ச நேரம் எனக்காகக் கத்திக்கொண்டிருந்தது.

வெளியே வந்தபோது மைக்செட்காரர் ஓடிவந்து கையைப் பிடித்தார். வேர்த்து ஊற்றியிருந்தது அவருக்கு.

"இன்னா மச்சான், ஒரு சத்தம் வந்துச்சா உள்ள?"

அந்த முகத்தைப் பார்த்து என்ன சொல்வது? "இல்ல மச்சான்" என்றேன். அவர் கையாலேயே ஒரு சொம்பு கூழ் ஊற்றினார், குடித்தேன்.

பல்கலைக்கழகத்துக்கு எழுதி, மன்றாடி, ஒரு காணொளி விசாரணை கிடைத்தது. அந்தப் பக்கம் ஓர் இளைஞர், பதிவான குரலை எனக்கே போட்டுக் காட்டினார்.

"இதுல பேசறவர் உங்களுக்குத் தெரிஞ்சவரா சார்?"

"தெரிஞ்சவர்தாங்க. கோயில்..."

"உங்களப் பத்தித்தான பேசறாரு? நீங்க பரீட்சை எழுதறது அவருக்குத் தெரிஞ்சிருக்கு."

"சத்தம் வேணாம்னு சொல்றதுக்குத்தாங்க."

"வெறும் சாமி பாட்டு ஓடியிருந்தா பின்னணிச் சத்தம்னு விட்டிருப்போம் சார். நெறைய பேருக்கு விட்டிருக்கோம். தனிக்குரலா வந்ததாலதான் பிரச்சினை. அடுத்த பருவத்துல எழுதிக்குங்க."

பாட்டை நிறுத்தச் சொல்லிக் கெஞ்சியது நான்தான்.

அடுத்த பருவம் ஆவணிக்குப் பிறகு. ரிசார்ட் காத்திருக்கவில்லை. புது மேலாளராக ஓர் இளம்பெண் வந்தாள். நல்ல பெண், மரியாதையாகப் பேசுகிறாள். அவளும் வீட்டிலிருந்தே ஆன்லைனில் படித்தவள்தானாம். "எங்க ஃப்ளாட்ல எனக்குத் தனி ரூம் சார், ஏ.சி. போட்டு கதவச் சாத்தினா வெளிய இடி விழுந்தாலும் கேக்காது" என்றாள் பேச்சுவாக்கில். பட்டையைக் கழற்றிக் கொடுத்தேன். பின்னூசி சட்டையில் விட்ட ஓட்டையை மனைவி தைத்துக் கொடுத்தாள்.

தெருவுக்கு இதெல்லாம் தெரியாது. அவர்கள் கணக்கில், எழுதியாயிற்று என்றால் முடித்தாயிற்று. பிள்ளையார் சதுர்த்திக்குத் தெருமுனையில் பேனர் கட்டினார்கள். 'பட்டம் பெற்ற எங்கள் அண்ணன்' என்று நடுவில் என் படம். சுற்றிலும் கமிட்டிக்காரர்கள், என்னைவிடப் பெரிதாக. தினமும் அதன் கீழே நடந்து, பழைய வேலைக்கு, பழைய பஸ் பிடித்துப் போனேன்.

ஒரு மாலை மைக்செட்காரர் வீட்டுக்கு வந்தார். அவர் பெண் பிளஸ் டூ முடித்திருந்தாள்.

"புள்ளய ஆன்லைன்ல போட்டுட்லாம்னு ரோசன மச்சான். டப்பும் கம்மி. எல்லாத்தியும் அலசுனவன் நீ. எது நல்லாக்கீது, சொல்லு."

"காலேஜுக்கு அனுப்பு மச்சான். செங்கல்பட்டுக்கு பஸ்ஸு கீது. போய் வரட்டும்."

அவர் முகம் மாறியது. "நீ மட்டும் சல்லிசா வூட்லயே முட்ச்சிட்ட. எம்பொண்ணு மட்டும் பஸ்ல தொங்கணுமா? நாங்கல்லாம் வாங்கிட்டா ஒனக்கு மவுசு பூடும்னு பாக்குறியா?"

இதற்கு மேல் மறைக்க முடியவில்லை. "நான் முடிக்கல மச்சான். அன்னிக்கு எழுதுனது தேறல. மேனேஜரு வேலையும் வேற ஆளுக்குப் போயிட்ச்சி."

"பெயிலா?" அவர் எழுந்தேவிட்டார். "தெருவையே வாய மூடிகினு குந்த வெச்சேனே! அவ்ளோ அமைதியா வெச்சும் பெயிலாயிட்டியா?"

உள்ளே தையல் மெஷின் நின்றது. மனைவி ஏதோ சொல்ல வாயெடுத்தாள். நான் முந்திக்கொண்டேன்.

"சரியா படிக்கல மச்சான்."

அவர் தலையில் அடித்துக்கொண்டே படியிறங்கினார். மறுநாள் பேனரும் இறங்கியது. அவர் பெண் செங்கல்பட்டுக் கல்லூரியில் கடைசியாக மிஞ்சியிருந்த ஓர் இடத்தில் சேர்ந்து, நான் போகும் அதே நேரத்துக்கு எதிர்ப்பக்கம் பஸ்ஸுக்கு நிற்கிறாள். ஏன் ஆன்லைனில் சேர்க்கவில்லை என்று யாராவது கேட்டால் அவள் அப்பா டீக்கடையில் எல்லாருக்கும் கேட்கும்படி காரணம் சொல்கிறார், மைக் இல்லாமலே:

"வூட்டுல குந்திகினு படிச்சா உருப்படுமா? அதான் நம்ம ஓட்டல்காரன பாத்தோமே."