வெல்ல மண்டி மாடியில் கம்ப்யூட்டர் பாடம்

மூன்று வாரங்களுக்கு முன் ஒரு புதன்கிழமை, என் பெயரை நோட்டீஸ் போர்டில் பார்த்தேன்.

பத்திரிகையில் பெயர் வந்து பழகிப்போன ஆள்தான் நான். ஆனாலும் இது வேறு மாதிரி. 'கீழ்க்கண்ட நால்வரும் இன்று முதல் லேபுக்குள் அனுமதிக்கப்பட மாட்டார்கள்' — அதற்குக் கீழே மூன்றாவது பெயர் என்னுடையது. நாற்பத்திரண்டு வயது, இரண்டு பிள்ளைகளுக்குத் தாய், அரசு அலுவலகத்தில் டைப்பிஸ்ட், வாரம் தவறாமல் உங்களோடு இந்தப் பக்கத்தில் பேசிக்கொண்டிருப்பவள்... பள்ளிக்கூடத்தில்கூட என்னை யாரும் வெளியே நிறுத்தியதில்லை!

அப்படி என்ன செய்துவிட்டேன்?

டைப் அடித்தேன். அவ்வளவுதான்.

முதலிலிருந்து சொல்கிறேன். எங்கள் ஆபீசுக்குக் கம்ப்யூட்டர் வரப்போகிறது என்று ஒரு வருடமாகப் பேச்சு. வந்தால் முதலில் டைப்பிஸ்ட் வேலைதான் போகும் என்று யூனியன்காரர்கள் கேட் கூட்டம் போட்டார்கள். நானும் போய் நின்று கோஷம் போட்டேன். வீட்டுக்கு வந்த பிறகு ஒரு யோசனை — என்னை வேலையை விட்டுத் துரத்தப்போகிற ஆசாமி யார் என்று ஒரு தடவை நேரில் பார்த்துவிட வேண்டாமா? மறுநாளே ரயில்வே ஸ்டேஷன் பக்கம் புதிதாக ஆரம்பித்திருந்த ஒரு கம்ப்யூட்டர் சென்டரில் போய்ச் சேர்ந்துவிட்டேன்.

ஜவுளிக்கடை மாடி. ஏ.சி. அறை. செருப்பை வெளியே கழற்றிவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும். இருந்தது இரண்டே மெஷின். படித்தவர்கள் நாற்பது பேர். ஆளுக்கு வாரத்தில் அரை மணி நேரம்.

புரோகிராமை டைப் செய்யவே இருபது நிமிடம் ஆகும். 'ரன்' என்று தட்டினால், தப்பு என்று பச்சை எழுத்தில் வரும். எங்கே தப்பு, என்ன தப்பு என்று தேடுவதற்குள் அடுத்த ஆள் நாற்காலிக்குப் பின்னால் வந்து நின்று தொண்டையைக் கனைப்பார். எழுந்துவிட வேண்டும். இனி அடுத்த வாரம்தான்!

புத்தகம்? ஒரே ஒரு இங்கிலீஷ் மேனுவல். அலமாரியில் பூட்டி வைத்திருந்தார்கள். கேட்டால் தருவார்கள். அங்கேயே நின்று பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்துவிட வேண்டும்.

அங்கேதான் மகேஸ்வரியைப் பார்த்தேன். கொட்டாம்பட்டிப் பக்கத்துப் பெண். பி.எஸ்ஸி. கணக்கு. அவள் குடும்பத்தில் காலேஜ் வாசலை மிதித்த முதல் ஆள். அவளுடைய அப்பா ரொம்ப காலம் அடுத்தவர் வயலில் கூலி வேலை பார்த்தவர். இப்போது சொந்தமாக ஒரு துண்டு நிலம் வைத்துக் கடலை போடுகிறார். கிளாஸ் நாட்களில் மேலூர் வழியாக பஸ்ஸில் வருவாள். உட்கார இடம் கிடைத்தால் நோட்டைத் திறந்துவிடுவாள். கிடைக்காவிட்டால் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றபடியே மனசுக்குள் புரோகிராம் எழுதுவாள்.

"அக்கா, நமக்கு மெஷின் முன்னாடி நேரம் பத்தல. அதனால மெஷினுக்குப் போகுறதுக்கு முன்னாடியே தப்பைப் பூராம் பிடிச்சுப்புடணும். தனியா உக்காந்தா நம்ம தப்பு நமக்குத் தெரியாது. சேந்து உக்காருவமா?" என்றாள் ஒருநாள்.

அப்படி ஆரம்பித்ததுதான் எங்கள் ஞாயிற்றுக்கிழமைக் கூட்டம். மகேஸ்வரி, நான், ஆரப்பாளையத்தில் ரேடியோ ரிப்பேர் கடை வைத்திருக்கும் ரஹீம், சிம்மக்கல்லில் வெல்ல மண்டி வைத்திருக்கும் பாண்டி — நாலு பேர். இடம், பாண்டியின் மண்டிக்கு மேல் இருந்த காலி அறை. ஏ.சி. கிடையாது. ஆனால் அறை முழுக்க வெல்ல வாசனை. கம்ப்யூட்டர் படிக்க இதைவிட நல்ல வாசனை இருக்கிறதா என்ன?

மெஷின் இல்லாமல் எப்படிப் படிப்பது? பாண்டிதான் மெஷின்!

யாராவது ஒருவர் தன் புரோகிராமைச் சுவரில் சாக்பீஸால் எழுதுவார். பாண்டி ஒவ்வொரு வரியாகப் படித்து, சொன்னதை அப்படியே செய்வான். சொல்லாததைச் செய்ய மாட்டான். ஒருமுறை ரஹீம் எழுதிய புரோகிராமில், எண்ணிக்கை பத்து ஆகும்வரை அறையைச் சுற்றிவர வேண்டும். பாண்டி சுற்ற ஆரம்பித்தான். பத்துச் சுற்று முடிந்தது. பதினைந்தும் ஆனது. ஆள் நிற்கவே இல்லை.

"போதும்ப்பா, நில்லு!" என்றார் ரஹீம்.

"எப்புடிண்ணே நிக்கிறது? பத்து வந்தா நில்லுன்னு எழுதியிருக்கீக. ஒவ்வொரு சுத்துக்கும் ஒண்ணைக் கூட்டுன்னு எங்க எழுதியிருக்கு? எனக்கு இன்னும் ஒண்ணுதான் ஓடுது. யாராச்சும் கரண்ட்டை நிறுத்துங்க!"

அன்றைக்குச் சிரித்த சிரிப்பில், முடிவே இல்லாத லூப் என்றால் என்ன என்பது எனக்கு ஜென்மத்துக்கும் மறக்காது.

இப்படிப் புரிந்துகொண்டதையெல்லாம் மகேஸ்வரி தன் நோட்டில் எழுதி வைத்தாள். தமிழில். எங்கள் உதாரணங்களோடு. மற்ற மாணவர்கள் அந்த நோட்டைக் கேட்க ஆரம்பித்தார்கள். ஒரு நோட்டை எத்தனை பேர் படிப்பது? என் சிநேகிதி ஒருத்தி டைப்ரைட்டிங் இன்ஸ்டிட்யூட் நடத்துகிறாள். அங்கே போய் நானே டைப் அடித்து ஸ்டென்சில் வெட்டி, சைக்ளோஸ்டைலில் பிரதி எடுத்து, கேட்டவர்களுக்கெல்லாம் சும்மா கொடுத்தோம்.

ஒரு பிரதி, சென்டர் டைரக்டரின் மேஜைக்கும் போய்ச் சேர்ந்தது.

நாலு பேரையும் கூப்பிட்டு அனுப்பினார். நல்ல மனிதர்தான், உட்காரச் சொன்னார்.

"மேடம், பத்திரிகையில எழுதறவங்க நீங்க. உங்களுக்குக் காப்பிரைட்னா என்னன்னு தெரியாதா? இது எங்க மெட்டீரியல்."

"தெரியும் சார். எழுதினவங்களுக்குத்தான் அந்த உரிமை. இதை எழுதினது இந்தப் பொண்ணு. உங்க மேனுவல்ல வெல்ல மண்டி மாடியைச் சுத்தி வர்ற லூப் இருக்கா?"

அவர் முகம் சிவந்துவிட்டது. "மெட்ராஸ்ல இருந்து மெஷினைக் கொண்டுவந்து நான் இங்க சென்டர் நடத்துறேன். நீங்க மாடியில உக்காந்து எல்லாருக்கும் சும்மா சொல்லிக் குடுத்தா, என் கிளாசுக்கு யார் வருவா?"

அவர் பயம் எனக்குப் புரிந்தது. அவருக்கும் பிழைப்பு. ஆனால் அடுத்து ஒரு தாளை நீட்டினார் பாருங்கள்... அது எனக்குப் புரியவில்லை. இந்த நோட்ஸ் சென்டருக்குச் சொந்தம், இனிமேல் வெளியே கூட்டம் போட மாட்டோம், யாருக்கும் சொல்லித்தர மாட்டோம் — இதற்குக் கீழே நாலு பேரும் கையெழுத்துப் போட வேண்டுமாம். போடாவிட்டால் லேப் கிடையாது, பரீட்சை கிடையாது, சர்டிபிகேட் கிடையாது.

யோசித்துச் சொல்கிறோம் என்று வெளியே வந்தோம்.

உள்ளே வாய்கிழியப் பேசிய நான் வெளியே வந்ததும் என்ன செய்தேன் தெரியுமா? சொல்ல வெட்கமாக இருக்கிறது. மகேஸ்வரியைத் தனியாகக் கூட்டிப் போய், "கையெழுத்துப் போட்டுரு தாயி" என்றேன்.

காரணம் இருந்தது. ஊருக்கு வெளியே ஒரு நூல் மில்லில் கம்ப்யூட்டர் பிரிவுக்கு ஆள் எடுக்கிறார்கள். அவளுக்கு இன்டர்வியூ கார்டு வந்திருந்தது. சர்டிபிகேட் முக்கியம். எனக்கு ஏற்கெனவே வேலை இருக்கிறது. பாண்டிக்கு மண்டி, ரஹீமுக்குக் கடை. இழப்பதற்கு இருந்தது அவள் ஒருத்திக்குத்தான்.

அவள் நோட்டை மூடிப் பைக்குள் வைத்தாள். பிறகு சொன்னாள்:

"அக்கா, எங்க ஊர்க் கிணத்துல எங்க ஆளுக வாளிய இறக்கக்கூடாது. யாராச்சும் எரக்கப்பட்டு ஊத்துற வரைக்கும் குடத்தோட நிக்கணும். எங்கப்பா அப்புடி நின்னவரு. இப்ப எங்கிட்ட கொஞ்சம் தண்ணி இருக்கு. அதை நான் யாருக்கும் ஊத்தக்கூடாதுன்னு எழுதிக் குடுக்கச் சொல்றாரு. எம்புட்டுப் பெரிய வேலையா இருந்தாலும் எனக்கு வேணாம்க்கா."



"வீட்ல என்ன சொல்லுவ?" என்று மட்டும் கேட்டேன்.

மறுநாள் அவளே வந்து சொன்னாள். அப்பாவிடம் எல்லாவற்றையும் சொல்லியிருக்கிறாள். அவர் ஒரே ஒரு கேள்விதான் கேட்டாராம். "அதை நீ எழுதுனியா, அவுக எழுதுனாகளா?" நான்தான் எழுதினேன் என்றிருக்கிறாள். "பெறகென்ன?" என்று சொல்லிவிட்டுக் கடலைக் காட்டுக்குக் கிளம்பிவிட்டாராம்.

நாலு பேரும் கையெழுத்துப் போடவில்லை. புதன்கிழமை நோட்டீஸ் போர்டில் பெயர் ஏறியது. நான் இதைப் பத்திரிகையில் எழுதினால் வக்கீல் நோட்டீஸ் வரும் என்று வாய்மொழியாக ஒரு தகவலும் வந்தது.

அந்த ஞாயிற்றுக்கிழமை சிம்மக்கல்லுக்குப் போகும்போது எனக்கு நம்பிக்கையே இல்லை. பெயர் போர்டில் ஏறிய பிறகு எங்களோடு சேர யார் வருவார்கள்? டவுன் பஸ்ஸை விட்டு இறங்கி மண்டிக்குள் நுழைந்தால்... மாடிப்படி நெடுகச் செருப்பு! கால் வைக்க இடமில்லை. சென்டரில் படிக்கிறவர்களில் பாதிப் பேர் மேலே இருந்தார்கள். இடம் போதாமல் சிலர் வெல்ல மூட்டை மேல்.

"வாங்கக்கா, வாங்க! இன்னைக்கு நாலு கம்ப்யூட்டர் ஓடுது!" என்று கத்தினான் பாண்டி. அறையின் நாலு மூலையிலும் நாலு பேர் சாக்பீஸோடு நின்று வரி வரியாக 'ஓடிக்கொண்டு' இருந்தார்கள். "மாப்ள, முப்பதாவது வரிக்குப் போடா!" என்று ஒருவன் இன்னொருவனை விரட்டிக்கொண்டிருந்தான்.

எனக்குக் கண் கலங்கிவிட்டது. சாக்பீஸ் தூசி என்று சொல்லிச் சமாளித்தேன்.

இன்டர்வியூ நாள் வந்தது. கேஷுவல் லீவு போட்டுவிட்டு நானும் மகேஸ்வரியோடு போனேன். மில்லின் கம்ப்யூட்டர் பிரிவு மேனேஜர் முதலில் கேட்டதே சர்டிபிகேட்டைத்தான். இல்லை என்று சொல்லி, ஏன் இல்லை என்பதையும் மறைக்காமல் சொல்லிவிட்டு, நோட்ஸை மேஜை மேல் வைத்திருக்கிறாள். அவர் புரட்டிப் பார்த்திருக்கிறார். பிறகு, ஓரத்தில் ஓட்டை போட்ட நீளத் தாளில் அச்சான ஒரு புரோகிராமைக் கொடுத்தாராம். தொழிலாளர்களின் வருகைப் பட்டியல் போடுகிற புரோகிராம். கணக்குத் தப்பாக வருகிறது. எங்கே தப்பு என்று பார் என்றிருக்கிறார்.

நான் வெளியே பெஞ்சில். ஒரு மணி நேரம் ஆனது. இரண்டு மணி நேரம் ஆனது. மில் சங்கு ஊதி, சாப்பாட்டுக்குப் போனவர்கள் திரும்பியும் வந்துவிட்டார்கள். பிறகுதான் அவள் வந்தாள்.

"ரெண்டு தப்புக்கா. ஒரு டிபார்ட்மென்ட் முடிஞ்சதும் கூட்டலைப் பூஜ்யமாக்காம விட்டுட்டாங்க. பழசும் புதுசும் சேந்து சேந்து வருது. அதைப் புடிச்சுட்டேன். கடைசி ஆள் பேரு ரெண்டு தடவை வருது. அது ஏன்னு எனக்குப் புடிபடல. புடிபடலைன்னு சொல்லிட்டேன்."

"வேலை?"

"சர்டிபிகேட் இல்லாம எடுக்க மில்லுல ரூல் இல்லையாம்."

"நீ என்ன சொன்ன?"

"அப்ப நான் சொன்ன தப்பையும் திருத்தாம வச்சுக்கிருங்க சார், அதையும் சர்டிபிகேட் இல்லாம தானே கண்டுபிடிச்சேன்னு சொல்லிட்டு வந்துட்டேன்."

அடி பாவி மகளே! எனக்கு அழுவதா சிரிப்பதா என்று தெரியவில்லை. இருவரும் பஸ்ஸுக்கு நடந்தோம். கொஞ்ச தூரம் போன பிறகு, நான் பார்க்கவில்லை என்று நினைத்து அவள் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். வீம்பாகப் பேசிவிடலாம். பேசிய பிறகு வலிக்கத்தானே செய்யும்?

போன ஞாயிற்றுக்கிழமை. மண்டி மாடியில் பாடம் நடந்துகொண்டிருந்தது. படியில் ஷூ சத்தம். அந்த மில் மேனேஜர்! ஷூவை வாசலில் கழற்றிவிட்டு, கையில் அந்தத் தாள் சுருளோடு, தயங்கித் தயங்கி உள்ளே வந்தார்.

"அந்த ரெண்டாவது தப்பு எங்களுக்கும் இன்னும் பிடிபடலை. இங்க எல்லாரும் சேர்ந்து பார்ப்பீங்கன்னு இந்தப் பொண்ணு சொல்லிச்சு... நானும் உட்காரலாமா?"

பாண்டி ஒரு மூட்டையைத் தட்டிக் கொடுத்தான். சுவர் முழுக்க அந்தப் புரோகிராமை எழுதி, நாலு ஆட்களை வரிசையாக நிற்க வைத்து, ஒவ்வொரு பெயராக ஓட்டினோம். கடைசிப் பெயர் முடிந்ததும், ஆட்கள் தீர்ந்துபோனார்களா என்று பார்க்காமலே அந்தப் புரோகிராம் கையில் இருக்கும் பெயரை இன்னொரு முறை எழுதிவிடுகிறது. பிடித்தது யார் என்கிறீர்கள்? எப்போது பார்த்தாலும் லூப்பில் மாட்டிக்கொள்ளும் நம் ரஹீம்தான்!

கிளம்பும்போது மேனேஜர் மகேஸ்வரியிடம் சொன்னார்: "உன்னை டெஸ்ட் வச்சு எடுத்துக்கணும்னு மேலே எழுதியிருக்கேன்மா. என்ன சொல்லுவாங்கன்னு தெரியாது. அதுவரைக்கும், ஞாயித்துக்கிழமை காலையில எங்க மெஷின் சும்மாதான் இருக்கு. ரெண்டு மணி நேரம் உங்க ஆளுங்களோட வந்து பழகிக்கங்க. அதுக்கு எனக்கு அதிகாரம் இருக்கு."

வேலை விஷயத்தில் இதுவரை பதில் வரவில்லை. வந்தால் சொல்கிறேன். வராவிட்டாலும் மகேஸ்வரி அடுத்த நோட்டை ஆரம்பித்துவிட்டாள். நான் ஸ்டென்சில் வெட்டிக்கொண்டிருக்கிறேன். டைரக்டர் சாருக்கும் வருத்தம் வேண்டாம். எங்கள் நால்வரைத் தவிர மீதி முப்பத்தாறு பேரும் இன்னும் அவரிடம்தான் படிக்கிறார்கள். முன்னைவிட நன்றாகவே படிக்கிறார்கள்.

ஒருவருக்குத் தெரிந்ததை இன்னொருவருக்குச் சொன்னால் சொன்னவருக்குக் குறைந்துபோகும் என்று நினைக்கிறவர்கள் எல்லா ஊரிலும் இருக்கிறார்கள். ஆபீசில் ஃபைலை ஒளித்து வைப்பார்கள். வீட்டில் குழம்புப் பொடிக்குப் பக்குவம் சொல்ல மாட்டார்கள். இப்போது கம்ப்யூட்டருக்கும் வந்துவிட்டார்கள்.

தமிழில் கம்ப்யூட்டர் நோட்ஸ் வேண்டும் என்கிறவர்கள் இந்தப் பத்திரிகைக்கு ஒரு கார்டு போடுங்கள், அனுப்புகிறோம். படித்துவிட்டு நாலு பேருக்குக் கொடுக்கலாமா என்று மட்டும் கேட்டு எழுதாதீர்கள் — அதற்கு அனுமதி தர எங்களில் யாருக்கும் அதிகாரம் இல்லை, மறுக்கவும் இல்லை!