காப்பிக்கொட்டை நிறச் சுவர்

ஆம்பூரில் ஒரு தோல் கம்பெனியில் எனக்கு ஷேட் பார்க்கிற வேலை. சாயம் போட்டு வந்த தோலை, வாங்குகிறவர்கள் அனுப்பிய சாம்பிளோடு வைத்து, நிறம் ஒத்துப்போகிறதா என்று சொல்ல வேண்டும். பல வருடமாக இதே பிழைப்பு. வெள்ளை மேசையில் விரித்தால் எந்தத் தோலும் ஒரு படி கறுத்துத் தெரியும். கறுப்பு மேசையில் அதே தோல் வெளுத்துவிடும். கண்ணை நம்பக் கூடாது என்பதுதான் எங்களுக்கு முதல் பாடம்.

அந்தப் பாடத்தை வீட்டில் பயன்படுத்துவேன் என்று நினைக்கவில்லை. என் தங்கையைப் பெண் பார்த்துவிட்டுப் போன மூன்றாவது வீட்டாரும், பெண் கொஞ்சம் கலர் கம்மி என்று தரகரிடம் சொல்லியனுப்பினார்கள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. தங்கையிடம் ஒரு குறையும் இல்லை, எங்கள் கூடத்துச் சுவர்தான் பளீர் வெள்ளை என்று கண்டுபிடித்தேன். மறுநாளே காப்பிக்கொட்டை நிறத்தில் பெயின்ட் வாங்கி வந்து நான்கு சுவருக்கும் அடித்தேன்.

இழவு வீடு மாதிரி இருக்கிறது என்று அப்பா கத்தினார். அம்மா தன் கையைச் சுவரில் வைத்துப் பார்த்தாள். பிறகு இன்னொரு கையையும் வைத்தாள். இரண்டே நாளில் அப்பாவின் சவரக் கண்ணாடி கூடத்துக்கு இடம் மாறியது. எதிர்வீட்டு அக்கா தன் மகனைக் கூட்டிவந்து, ஜாதகத்தோடு அனுப்ப வேண்டும் என்று எங்கள் சுவரின் முன்னால் நிறுத்திப் போட்டோ எடுத்துக்கொண்டு போனார். தங்கை மட்டும் கூடத்தில் உட்காருவதை விட்டுவிட்டாள். பெயின்ட் வாடை ஒத்துக்கொள்ளவில்லை போலும் என்று நினைத்துக்கொண்டேன்.

நான்காவது வீட்டார் வாணியம்பாடியிலிருந்து வந்தார்கள். தங்கையைச் சுவரோரம் உட்காரவைத்தேன். மாப்பிள்ளையின் அம்மா கண்ணெடுக்காமல் பார்த்தார்.

"போட்டோல டல்லா இருந்துச்சி. நேர்ல நல்ல கலராத்தான் இருக்குது பொண்ணு" என்றார்.

நிச்சயத்துக்கு நாள் பார்க்கச் சொல்லிவிட்டுப் போனார்கள். கார் கிளம்பியதும் அப்பா என் முதுகில் தட்டினார். சரக்கு பாஸாகிவிட்ட சந்தோஷம் எனக்கு. தங்கை என்னிடம் வந்தாள்.

"அவங்க வூட்டுல செவுரு இன்னா கலருண்ணா?"

போன வாரம் விசாரிக்கப் போனபோது அந்த வீட்டில் டீ குடித்திருக்கிறேன். கூடம், சமையலறை, மாடிப்படி எல்லாமே வெள்ளை.

"கல்யாணத்துக்கு முன்னாடி நானே போய் அதையும் அடிச்சிக் குடுத்துர்றேன்" என்றேன். விளையாட்டுக்குச் சொல்லவில்லை.

அவள் விடவில்லை.

"தெருவுல நடக்கறப்ப இன்னா பண்ணுவ?"

எனக்கு வெட்கமாகப் போய்விட்டது. வந்தவர்கள் சொன்ன குறையைத்தான் நான் கூடம் முழுக்க அடித்து வைத்திருக்கிறேன் என்று அப்போதுதான் உறைத்தது. இந்த இடம் வேண்டாம் என்றாள் அவள். தரகருக்கு நானே போன் போட்டு அதைச் சொன்னேன்.