அண்ணன் விட்ட மேடு

எட்டாவதோடு படிப்பை நிறுத்திவிட்டு, அண்ணனுடைய பாலக்கரை பட்டறையில் அரம் பிடித்தவள் நான். ஒலியைவிட வேகமாகக் காற்று ஓடும் நாசில், அதாவது குழாய் வாய், ஒன்று செய்யச் சொல்லி முசிறிப் பையன் ஒருவர் வந்தார். விமானப் படிப்பு படிக்கிறவர். வளைவை அவரே கணக்குப் போட்டு வரைந்திருந்தார். மேலே ஒரு அலுமினியக் கட்டை, கீழே ஒன்று. இரண்டும் எதிரெதிரே வயிறு தள்ளி நிற்கும், நடுவில் இடுக்கு. அந்த இடுக்கைத் தாண்டி அகலத்துக்கு வந்தால் காற்று இன்னும் வேகம் எடுக்குமாம்.

"அகலமானா மெதுவாத்தானே போகணும் தம்பி?"

"இந்த வேகத்துல எல்லாம் தலைகீழ் அக்கா."

"சொர்க்கவாசல் மாதிரின்னு சொல்லுங்க," என்றான் அண்ணன். நாங்கள் ஸ்ரீரங்கத்துக்காரர்கள். "வாசல்ல நசுங்கும். தாண்டிட்டா புடிக்க முடியாது."

பையன் அதை நோட்டில் எழுதிக்கொண்டார்.

மேல் கட்டையை அண்ணன் முடித்தான். ஒரு கையில் மெதுவடையோடு தேய்த்ததில், இடுக்கைத் தாண்டியதும் முடியளவு ஒரு மேடு விட்டுவிட்டான். அடுத்த வாரம் பைபாஸில் பைக்கோடு போய்விட்டான்.

கீழ்க் கட்டை என் கைக்கு வந்தது. துக்கம் விசாரிக்க வந்த பையன், அண்ணன் முடித்ததை விரலால் தடவிப் பார்த்துத் தயங்கினார்.

"அக்கா, இந்த மேட்ட மட்டும் எடுத்துடுங்க. காத்து அதுல தட்டுனா அலை கிளம்பும்."

"எடுத்துடறேன்," என்றேன். பச்சைப் பொய். அண்ணன் செருப்பைக்கூட அம்மா யாருக்கோ கொடுத்துவிட்டாள். இந்த மேட்டையும் நான் எடுக்க வேண்டுமா? எடுக்கவில்லை. அதோடு விட்டேனா? என் கட்டையிலும் அதே இடத்தில் அதே அளவுக்கு ஒன்று வைத்தேன். வடை இல்லாமல் அதைச் செய்ய இரண்டு நாள் ஆனது.

கல்லூரியில் கட்டைகளை மாட்டிக் காற்றைத் திறந்தார்கள். காது அடைத்தது. காற்றின் அலைகளைக் காட்டும் திரையில், மேலிருந்து மெல்லிய கோடு ஒன்று சாய்ந்து இறங்கியது. கீழிருந்து ஒன்று ஏறியது. நடுவில் இரண்டும் குறுக்கே வெட்டிக்கொண்டு போயின.

பையன் என்னைப் பார்த்தார். "மேல உள்ளது உங்க அண்ணனோடது. கீழ உள்ளது எங்கேர்ந்து வந்துச்சுக்கா?"

"குடும்ப ஜாடை தம்பி."

சிரித்துவிட்டு, சிரிப்பை விழுங்கினார். "சீரான காத்து இல்லாம என்னால ஒண்ணும் அளக்க முடியாதுக்கா. என் ப்ராஜெக்டே போயிடும்."

"மொதல்ல அதப் போட்டோ எடுங்க."

எடுத்து என் போனுக்கு அனுப்பினார். கட்டைகளைக் கழற்றியதும் எமரி தாளை அவரிடம் நீட்டினேன்.

"அண்ணனோடத நீங்களே தேய்ங்க."

"ஐயோ, நான் மாட்டேன்க்கா." கையைப் பின்னால் கட்டிக்கொண்டார்.

நானே தேய்த்தேன். பத்து இழுப்புகூட ஆகவில்லை, மேடு போய்விட்டது. எனக்கு மூக்கு ஒழுகியது. அதைப் பார்க்காததுபோல அவர் என் கட்டையை இழுத்து வைத்து, மும்முரமாகத் தேய்த்தார். விரலால் தடவிப் பார்த்தேன். பள்ளம்.

"தம்பி, இது டிசைன்ல இருக்கா?"

"இல்லக்கா," என்றார், முகம் வெளிறி.

"அப்போ போயி புதுக் கட்டை வாங்கிட்டு வாங்க."