ஏழாம் பக்கத்தில் வளர்ந்தவள்

"புஞ்சாக் ஆலாமுக்கு ஏதுடி ஹிஸ்டரி? செம்பனைத் தோட்டத்த வெட்டிட்டு நேத்து கட்டுன ஊரு லா இது!" என்றாள் தோழி. கோலா சிலாங்கூரில், தேங்காய்ப்பாலில் ஐஸ் மிதக்கும் செண்டோல் விற்கும் ஒரு கடையில் உட்கார்ந்திருந்தோம். அவரவர் வசிக்கும் இடத்தின் பத்திரிகை வரலாற்றை எழுதச் சொல்லிக் கல்லூரியில் வேலை கொடுத்திருந்தார்கள். அவள் கைவிட்டுவிட்டாள். எனக்கோ கரண்டி வாய்க்குப் போகும் வழியிலேயே நின்றுவிட்டது. எங்கள் ஊருக்குப் பத்திரிகை இருந்ததே! என் மாமாதான் அதை நடத்தினார். ஒன்பது வயதில் நான் அதில் இறந்துகூடப் போயிருக்கிறேன்.

தோழி செண்டோலை மறந்துவிட்டாள். நானும் மறந்துவிட்டேன்.

முதலில் வரலாறு. தோட்டம் இருந்த காலத்தில் கோயில் பலகையில் கையால் எழுதி ஒட்டிய ஒற்றைத் தாள்தான் செய்தி. தோட்டத்து லய வீடுகளை இடித்து எங்கள் ஆட்களை அடுக்குமாடிகளில் குடியேற்றியபோது, பக்கத்து வீட்டுக்காரர் யாரென்று யாருக்கும் தெரியாமல் போனது. அந்த நேரத்தில்தான் அம்மாவின் தம்பியான மாமா, தொழிற்சாலை வேலைக்கு நடுவில், இரு வாரத்துக்கு ஒருமுறை எட்டுப் பக்கம் கொண்டுவந்தார். அதற்கு ஒரு பெயரும் இருந்தது. ஆனால் எல்லோருக்கும் அது 'நம்ம பேப்பர்'. பிற்பாடு வீடு விற்பவர்களின் பளபளப்பான இலவச இதழ் வந்தது. அதற்கும் பிறகு வாட்ஸ்அப் குழுக்கள் வந்து எல்லாவற்றையும் தின்றுவிட்டன.

நம்ம பேப்பரில் செய்தியை யாரும் தேடிப் படித்ததாக எனக்கு நினைவில்லை. நேராக ஆறாம் பக்கம், பிறந்தநாள் வாழ்த்து. எதிரில் ஏழாம் பக்கம், நினைவஞ்சலி. இரண்டிலும் வரிசையாக முகங்கள். ஒரு பக்கத்துக்காரர்கள் வருடா வருடம் வளர்வார்கள். மற்றப் பக்கத்துக்காரர்கள் அதே படத்தில் அதே சிரிப்போடு இருக்க, தலைக்கு மேலே ஆண்டு எண் மட்டும் ஏறும்.

ஆறாம் பக்கத்தில் ஒருமுறை வந்துவிட வேண்டும் என்பதுதான் ஒன்பது வயதில் என் வாழ்க்கை லட்சியம். பள்ளிக்கூடத்துக்கு எடுத்த பாஸ்போர்ட் படம் ஒன்று மீதமிருந்தது. அதில் நெற்றி வெறிச்சென்று இருந்தது. வேறு யாரோ போலத் தெரிந்தேன். சாமி மேடையிலிருந்து குங்குமம் எடுத்து, தண்ணீரில் குழைத்து, தீக்குச்சி முனையால் படத்தின் நெற்றியில் அழகாக ஒரு பொட்டு வைத்தேன். வாழ்த்தோடு உறையில் போட்டு ஒட்டி மாமாவிடம் கொடுத்தேன். அவர் பிரித்துக்கூடப் பார்க்காமல் பெரிய உறைக்குள் போட்டுக் கிள்ளானுக்கு அனுப்பிவிட்டார். அங்கே அச்சகத்தில் எழுத்தையும் படத்தையும் அடுக்கிப் பக்கம் கட்டுகிறவருக்கு எங்களில் ஒருவரையும் தெரியாது. ஆனால் நம் ஆள். எந்தப் படத்துக்குக் குங்குமம் வைப்பார்கள் என்பது மட்டும் அவருக்கு நன்றாகத் தெரியும்.

வெள்ளிக்கிழமை பள்ளி விட்டு, மளிகைக்கடை நாநாவிடம் ஓடினேன். தினமும் என்னைக் கிண்டல் செய்யாமல் மிட்டாய் கொடுக்காத நாநா அன்று மிட்டாய் ஜாடியைத் தொடவே இல்லை. கையிலிருந்த பேப்பரைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், மறுபடியும் பேப்பரைப் பார்த்தார்.

"நீ... யாரு வூட்டுப் புள்ளம்மா?"

"நாநா, வெளையாடாதீங்க லா!" என்றேன். அவர் விளையாடவில்லை. ரொட்டி வாங்க வந்த ஒரு பெண், கைக்குழந்தையின் முகத்தைத் தன் தோளோடு அழுத்தி மூடிக்கொண்டு வெளியே நடந்தாள்.

ஆறாம் பக்கத்தில் என் பெயர் இருந்தது; படம் இருக்க வேண்டிய கட்டத்தில் ஒரு கேக் வரைந்திருந்தார்கள். எதிர்ப் பக்கத்திலிருந்து நான் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தேன். குங்குமம் கறுப்பாக அச்சாகியிருந்தது. மூன்றாம் ஆண்டு நினைவஞ்சலி. கீழே ஷாமினி என்று ஒரு பெயர். தோற்றம் என்ற இடத்தில் நான் பிறந்த வருடம். மறைவு என்ற இடத்தில் நான் பாலர் பள்ளிக்குப் போன வருடம். வீடுவரை என் நிழல் கூட வருகிறதா என்று பார்த்துக்கொண்டே நடந்தேன்.

அம்மா முதலில் உப்பும் மிளகாயும் சுற்றிப் போட்டாள். அப்புறம் தொலைபேசியை எடுத்தாள். "ஏன்டா, பேப்பர் நடத்துறியே, ஒங்கண்ணு ரெண்டையும் எங்கடா வச்ச?" மாமா அந்தப் பக்கம் குழைந்தது எனக்கே கேட்டது. நடந்தது இதுதான்: ஷாமினியின் வீட்டார் 'போன வருஷம் போட்ட படமே' என்று எழுதிக் கொடுத்திருக்கிறார்கள். பக்கம் கட்டியவருக்கு அந்தப் படம் அகப்படவில்லை. உறையில் குங்குமம் வைத்த சிறுமியின் படம் ஒன்றுதான் இருந்தது. அடுத்த இதழில் திருத்தம் போடுவதாக மாமா சத்தியம் செய்தார். இரண்டு வாரம். அதுவரை நான் அச்சில் செத்தவள். திருத்தம் வந்ததும் உயிர் வந்துவிடும் என்று மனமார நம்பினேன்.

ஞாயிற்றுக்கிழமை மதியம், மாமா நேரில் மன்னிப்புக் கேட்க வந்து சட்டைப் பையிலிருந்து என் படத்தை எடுத்துக்கொண்டிருந்தபோது, கதவருகே ஒரு அம்மா வந்து நின்றார். இன்னும் இடிக்காத ஒரு தோட்டத்திலிருந்து பஸ் ஏறி வந்திருந்தார். மடித்த ஏழாம் பக்கத்தை ஒரு பிளாஸ்டிக் பைக்குள் பத்திரமாக வைத்திருந்தார். யார் என்று யாரும் கேட்கவில்லை. கேட்கத் தேவையில்லாத முகம் அது.

மாமா பதறி எழுந்து, தப்பு நடந்துவிட்டது, திருத்தம் போடுகிறேன் என்று அடுக்கிக்கொண்டே போனார். அந்த அம்மாவின் காதில் அது விழுந்ததாகவே தெரியவில்லை. என்னிடம் வந்து, "நில்லும்மா" என்றார். நின்றேன். தன் உள்ளங்கையை என் உச்சந்தலையில் தட்டையாக வைத்து, அப்படியே தன் நெஞ்சுக்கு இழுத்து அளந்து பார்த்தார்.

"இவ்ளோ ஒசரம் வந்துட்டியா?"

பிறகு மாமாவிடம் திரும்பினார். "ரெண்டு வருஷமா அதே படம் தம்பி. ஆறு வயசுலயே நிக்கிறா. இந்த வருஷந்தான் வளந்திருக்கா. திருத்தமெல்லாம் போடாதீங்க. அடுத்த வருஷமும் இந்தப் புள்ள படத்தையே போடுங்க. புதுசா எடுத்ததா."

"என்னக்கா பேசுறீங்க?" என்றாள் அம்மா. "இது உசுரோட இருக்குற புள்ள!"

"எம்புள்ளயும் அப்படித்தானம்மா இருந்துச்சு."

அம்மா சமையலறைக்குள் போய்விட்டாள். மாமாவின் விரல்களில் இருந்த என் படத்தை அந்த அம்மா மெல்ல எடுத்துப் பைக்குள் வைத்தார். நான் கையை நீட்டினேன். "அது என்னோட போட்டோ. குடுங்க."

அவர் சிரித்தார். "குடுக்குறேன்டா கண்ணு. நீ வளந்ததும் வந்து வாங்கிக்க."

அடுத்த இதழ் வந்தது. எட்டுப் பக்கத்தையும் விரலால் தடவித் தேடினேன். திருத்தம் இல்லை. மாமாவைக் கேட்டேன். "எடம் பத்தலம்மா" என்றார். அந்த இதழில் ஒரு டியூஷன் விளம்பரம் அரைப்பக்கம் வந்திருந்தது. கொஞ்ச நாள் கண்ணாடியில் அடிக்கடி முகம் பார்த்தேன். பிறகு அதையும் மறந்தேன். வருடத்துக்கு ஒருமுறை மாமா 'ஆபிசுக்கு' என்று சொல்லி என் பள்ளிப் படம் ஒன்றைக் கேட்பார். அம்மா இருப்பதிலேயே நல்லதாகப் பொறுக்கிக் கொடுப்பாள். அந்த மாதம் மட்டும் நம்ம பேப்பர் எங்கள் வீட்டுக்கு வராது. லோரி பழுது என்பார்கள். நானும் நம்பினேன்.

செண்டோல் கடையிலிருந்து நேராக மாமா வீட்டுக்குப் போனேன். மாடிப்படிக்குக் கீழே இரண்டு பெட்டிகளில் எல்லா இதழ்களும் இருந்தன. அந்த மாதத்து இதழ்களை மட்டும் பிரித்துத் தரையில் வரிசையாகப் பரப்பினேன். எல்லாமே ஏழாம் பக்கம். ஒன்பது வயதில் நான். பத்தில் ஓரப் பல் விழுந்து நான். பன்னிரண்டில் கண்ணாடி போட்டு நான். பதினைந்தில் இரட்டைச் சடையோடு நான். எல்லாவற்றின் கீழும் ஷாமினி. எல்லா நெற்றியிலும் அதே அளவில் ஒரு கறுப்புப் பொட்டு.

"குங்குமம் யாரு மாமா வச்சது?"

மாமா பெட்டியின் மூடியைப் பார்த்துக்கொண்டே சொன்னார். "அக்காதான் வச்சுக் குடுக்கும். தீக்குச்சியால. மறுபடி படம் மாறிப் போயிடக் கூடாதுன்னு."

என்னைச் சுற்றி உப்பும் மிளகாயும் போட்ட அதே கை. அன்று சமையலறைக்குள் போன அம்மா பயந்து போனாள் என்றுதான் ஒன்பது வயதில் நினைத்திருந்தேன்.

பதினைந்து வயதுப் படத்தோடு நம்ம பேப்பர் நின்றுவிட்டது. ஷாமினியும் பதினைந்திலேயே நின்றுவிட்டாள். கல்லூரிக் கட்டுரைக்கு, வராமல் போன அந்தத் திருத்தத்தை நானே எழுதிப் பார்த்தேன். இரண்டு வரிதான். இரண்டையும் அழித்துவிட்டேன்.

அந்த அம்மா இப்போது ராசா என்ற ஊரில் மகன் வீட்டில் இருக்கிறாராம். நேற்று ஸ்டூடியோவுக்குப் போய் ஒரு படம் எடுத்தேன். கிளம்பும்போது அம்மா, எதற்கென்று கேட்காமலே, "மூக்குத்தி தெரியுற மாதிரி எடு" என்றாள். சனிக்கிழமை அதை எடுத்துக்கொண்டு ராசாவுக்குப் போகிறேன். ஒன்பது வயதுப் படத்தைத் திருப்பிக் கேட்பேன். வளர்ந்ததும் தருவதாகச் சொன்னவர் அவர்தானே. புதிய படத்தை அவர் கையில் கொடுப்பேன். நெற்றியை வெறிச்சென்றே விட்டிருக்கிறேன். குங்குமம் வைப்பதானால் இந்த முறை அவரே வைக்கட்டும்.