மதினி வாங்கிய தலை

என் மேசையில் ஒரு ட்ரைபாட் தலை இருக்கிறது. மூன்று கால்களுக்கும் கேமராவுக்கும் நடுவில் உட்கார்ந்து, கேமராவைத் திருப்பவும் குனிய வைக்கவும் உதவுகிற பாகம். உள்ளங்கை அகலம்தான். கறுப்புப் பூச்சு ஓரங்களில் உரிந்து அலுமினியம் பல்லைக் காட்டுகிறது. அதிலிருந்து நீளும் கைப்பிடியில் பச்சையும் மஞ்சளுமாகக் கோடு போட்ட கெட்டித் துணியை இறுக்கிச் சுற்றித் தைத்திருக்கிறது. வருகிறவர்கள் கையில் எடுத்துப் பார்த்து இது என்ன என்று கேட்பார்கள். மதினியுடையது என்பேன். மதினி என் அண்ணன் மனைவி. அந்தத் துணி எப்படி வந்தது என்று சொல்ல வேண்டுமானால், சங்கரன்கோவிலில் அவள் இருப்பதா போவதா என்று இழுபறியாகக் கிடந்த ஒரு ஆடி மாதத்துக்குப் போக வேண்டும்.

அண்ணன் வளைகுடாவில் வேலை பார்த்தவன். கடைசியாக வந்த லீவில் சட்டைப் பையில் அடங்குகிற ஒரு சின்னக் கேமராவைக் கொண்டுவந்து மதினி கையில் கொடுத்துவிட்டுப் போனான். அடுத்த லீவுக்கு அவன் வரவில்லை. நெஞ்சுவலி என்று செய்திதான் வந்தது. இதை எழுதும்போது இன்றைக்கும் எனக்கு முதலில் கோபம்தான் வருகிறது, அழுகை அதற்குப் பிறகுதான். மதினிக்குப் பிறந்த ஊர் சிவகிரி. அங்கே எலுமிச்சைத் தோட்டம் வைத்திருக்கும் அவளுடைய அண்ணன், தங்கையைத் தன் வீட்டுக்கே கூட்டிப்போய்விட வேண்டும் என்று நின்றார். தங்கமான மனுஷர். சிக்கலே அதுதான். கெட்டவராக இருந்தால் முடியாது என்று சொல்லிவிடலாம். அவர் வீட்டில் மதினிக்குச் சோறும் மரியாதையும் குறைவில்லாமல் கிடைக்கும், ஆனால் காலையில் எழுந்து இன்றைக்கு என்ன செய்யலாம் என்று யோசிக்கிற உரிமை கிடைக்காது. அதனால் அவள் தவணை கேட்டாள். எங்கள் ஊர்ச் சேலைகளைத் தறிக்காரர்களிடம் எடுத்து வாட்ஸ்அப்பில் விற்கத் தொடங்கியிருந்த நேரம். "ஆடித் தபசுக்கு எப்படியும் வருவீங்கல்லா. அதுக்குள்ள யாவாரம் நிக்கலைன்னா உங்க கூடவே பஸ் ஏறிருதேண்ணே" என்று எங்கள் ஊர்க் கோயில் திருவிழாவைக் கெடுவாக வைத்து வாக்குக் கொடுத்தாள்.

அவளுடைய நம்பிக்கை முழுவதும் சிங்கப்பூரில் துணிக்கடை வைத்திருந்த ஒரு அம்மாள் மேல்தான். மொத்தமாக எடுத்துக்கொள்ளத் தயார், ஆனால் போனில் எடுத்த படங்களைப் பார்த்து முடிவு செய்ய மாட்டேன், நூல் நூலாகத் தெரிகிற மாதிரி கிட்டத்தில் எடுத்து அனுப்புங்கள் என்று அவர் சொல்லியிருந்தார். அண்ணனுடைய கேமரா அலமாரியிலிருந்து வெளியே வந்தது அப்போதுதான். ட்ரைபாட் நான் கொடுத்தது. திருநெல்வேலியில் ஒரு ஸ்டூடியோவில் வேலை பார்த்துவிட்டு வந்திருந்தேன், வரும்போது முதலாளி பழையது ஒன்றைத் தந்திருந்தார். கால்கள் திடமாக இருந்தன. தலை மட்டும் பிளாஸ்டிக். தரையில் விரித்த சேலையைப் பார்க்கக் கேமராவைக் குனிய வைத்தால், பஸ்ஸில் தூங்குகிறவர் மாதிரி அது மெல்ல மெல்ல மேலும் குனியும். கால் இருக்கட்டும், தலையை மட்டும் மாற்றுவோம் என்று முடிவு செய்தோம்.

கேமரா சாமான் விஷயத்தில் என்னை யாரும் ஏமாற்ற முடியாது என்று எனக்கு அன்றைக்கும் நினைப்பு, இன்றைக்கும் நினைப்பு. இத்தனை கிலோ தாங்கும் என்று பெட்டியில் கொட்டை எழுத்தில் போட்டிருப்பதைப் பார்த்து மயங்கக் கூடாது. சின்னக் கேமரா ஒரு கைப்பிடி எலுமிச்சம்பழ எடைகூட இருக்காது. அதற்குப் போய் விலை கூடின தலை எதற்கு? பார்க்க வேண்டியது வேறு. பூட்டினால் பூட்டின இடத்தில் நிற்கிறதா, காலில் இருக்கிற திருகு அதற்குச் சேருமா, கேமராவின் அடியில் மாட்டுகிற தகடு பேட்டரிக் கதவை மறைக்காமல் இருக்கிறதா, இவ்வளவுதான். தலையே காலைவிடக் கனமாக இருந்தால் மொத்தமும் தலைகுப்புற விழும். தலை வாங்கத் திருநெல்வேலிக்குப் பஸ்ஸில் போகும்போதே இதையெல்லாம் மதினியிடம் ஒப்பித்துவிட்டேன். அவள் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு, முறுக்கு வாங்கித் தந்து என் வாயை அடைத்தாள்.

திருநெல்வேலிக் கடையில் கடைக்காரர் முதலில் எடுத்து வைத்தது பந்து வைத்த தலை. ஒரே திருகுதான், தளர்த்தினால் கேமரா எந்தப் பக்கமும் சாயும், இறுக்கினால் நின்றுவிடும். சின்னக் கேமராவுக்கு எல்லோரும் இதைத்தான் வாங்குகிறார்கள் என்றார். ஊர் சுற்றுகிறவர்களுக்கு நானும் அதைத்தான் சொல்வேன். மதினி கொண்டுபோயிருந்த கேமராவை அதில் மாட்டி, இடது கையை முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு வலது கையால் மட்டும் திருகைத் தளர்த்தினாள். கேமரா பொத்தென்று கவிழ்ந்தது. சேலையின் மடிப்பை ஒரு கையால் பிடித்துக்கொண்டேதான் அவள் வேலை செய்வாள், கேமராவைத் தாங்க இன்னொரு கைக்கு எங்கே போவது? "எல்லாரும் எங்க வீட்டுல வந்து மடிப்பு புடிப்பாங்களா அண்ணாச்சி?" என்று கேட்டாள். அவர் சிரித்துக்கொண்டே கைப்பிடி வைத்த தலை ஒன்றை எடுத்தார். ஒரு நேரத்தில் ஒரு பக்கம் மட்டுமே அசைகிற வகை அது. ஒரு கை போதும்.

அதையும் சும்மா வாங்கவில்லை. சேலைக் கடையில் சேலையை வாசல் வெயிலுக்குக் கொண்டுபோய் நிறம் பார்க்கிற அதே பிடிவாதம். ட்ரைபாட்டை நிறுத்தி, கேமராவைக் குனிய வைத்துப் பூட்டி, தரை டைல்ஸின் கோடு திரையின் நடுவில் வரும்படி செய்தாள். பிறகு என்னையும் இழுத்துக்கொண்டு எதிர்க் கடைக்கு டீ குடிக்கப் போனாள். ஆற அமரக் குடித்துவிட்டு வந்து பார்த்தால் கோடு நடுவிலேயே இருந்தது. பிறகுதான் பர்ஸைத் திறந்தாள்.

வீட்டுக்கு வந்து எடுத்த படம் கலங்கியிருந்தது. மறுபடி எடுத்தோம், மறுபடியும் அப்படியே. தூரத்தில் எடுத்தால் பரவாயில்லை, நூல் தெரிய வேண்டும் என்று கிட்டத்தில் போனால் எல்லாம் ஈசல் மொய்த்த மாதிரி. நான் தலையைக் கழற்றி மாட்டினேன், திருகை இறுக்கினேன், கடைக்காரரைத் திட்டினேன். சிவகிரியிலிருந்து போன் வந்தது. மாடி அறைக்கு வெள்ளையடித்துவிட்டேன் என்றார் அவளுடைய அண்ணன். அன்று சாயங்காலம் மதினி பரணிலிருந்து, தோளில் மாட்டக் காது வைத்த பெரிய துணிப்பையை இறக்கி, மாற்றுச் சேலைகளை எடுத்து வைத்து, கதவோரம் சாத்தினாள். "தலை நல்ல தலைதான் ஏட்டி. எனக்குத்தான் கொடுத்து வைக்கலை" என்றாள். நான் திருகை இன்னொரு தடவை இறுக்கினேன்.

மின்பராமரிப்புக்காகக் கரண்டை நிறுத்தும் நாள் அதற்கடுத்து வந்தது. வெயில் ஜன்னல் வழியாகத் தரையில் விழுந்துகொண்டிருந்தது, கேமராவில் பேட்டரி இருந்தது. வேறு வேலை இல்லையென்று மதினி ஒரு படம் எடுத்தாள். எடுத்தவள் அசையாமல் நின்றாள். என்ன என்று போய்ப் பார்த்தேன். ஊடும் பாவும் எண்ணிவிடலாம் போலத் தெளிவாக இருந்தன. தெருவின் அமைதி அப்போதுதான் என் காதில் உறைத்தது. பக்கத்துச் சுவருக்கு அந்தப்புறம் விசைத்தறிக் கூடம். நடுவில் சாப்பாட்டுக்கு நிற்பதைத் தவிர, விடிந்தது முதல் அடங்குகிற வரை ஓடும், தரையெல்லாம் அதிரும். அந்தச் சத்தத்தில் பிறந்து, அந்தச் சத்தத்தில் தூங்கி வளர்ந்தவள் நான். மதினி கல்யாணமாகி வந்த நாளிலிருந்து கேட்கிறாள். தறி ஓடுவது எங்கள் இரண்டு பேருக்கும் மூச்சு விடுவது மாதிரி ஆகிப்போயிருந்தது. வெளியூர்க்காரர் ஒருவர் அந்த அறையில் நின்றிருந்தால் முதல் நிமிஷத்திலேயே சொல்லியிருப்பார். தறியில் நெய்த சேலையைத் தறியே படமெடுக்க விடாமல் ஆட்டிக்கொண்டிருந்தது தெரியாமல், நாங்கள் ஒரு அப்பாவித் தலையை வைது தீர்த்திருக்கிறோம்.

அதற்குப் பிறகு எல்லாம் வேகமாக நடந்தது. தறிகள் சாப்பாட்டுக்கு நிற்கிற மத்தியான நேரம் மதினிக்குப் படமெடுக்கிற நேரமாயிற்று. காலையிலேயே சேலைகளை அடுக்கி வைத்துக் காத்திருப்பாள், சத்தம் நின்றதும் இடது கையில் மடிப்பு, வலது கையில் கைப்பிடி. கைப்பிடியின் நுரை உறைதான் வியர்வையில் வழுக்கிச் சுற்றிக்கொண்டே இருந்தது. ஒருநாள் பார்க்கிறேன், உறையைக் காணோம், கோடு போட்ட துணி சுற்றியிருக்கிறது. நன்றாக இருக்கிறதே என்று நினைத்ததோடு சரி. சிங்கப்பூர் அம்மாளிடமிருந்து முதல் ஆர்டர் வந்தது, பார்சல் போனது, இன்னும் புது டிசைன்கள் அனுப்புங்கள் என்று கேட்டு எழுதினார். இதைச் சிவகிரியில் உன் அண்ணனிடம் போனில் சொல்லேன் மதினி என்றேன். நேரில் வந்து பார்க்கட்டும் என்றாள்.

தபசன்று எங்கள் தெருவில் தறி ஓடாது. ஊரே கோயில் பக்கம் திரண்டிருக்க, மதினி முழுநாளும் அசையாத தரை கிடைத்த சந்தோஷத்தில் வீடு நிறையச் சேலை விரித்திருந்தாள். அவளுடைய அண்ணன் பஸ்ஸை விட்டு இறங்கி, ஒரு பை எலுமிச்சம்பழத்தோடு வந்து நின்றார். சேலைகளைப் பார்த்தார், தங்கையைப் பார்த்தார், கதவோரம் இருந்த துணிப்பையைப் பார்த்தார். சாமி பார்த்துவிட்டு அப்படியே கிளம்பிவிடலாம் என்று சொல்லிக்கொண்டே பையைத் தூக்கக் குனிந்தவர், தடவித் தடவித் தேடினார்.

"என்ன தாயி, பைக்குக் காதைக் காணோம்?"

மதினி திரும்பவில்லை. பச்சை மஞ்சள் துணி சுற்றிய கைப்பிடியிலிருந்து கையையும் எடுக்கவில்லை.

"அது இங்கன வேலைக்குச் சேந்துட்டுண்ணே. அந்த முந்தியக் கொஞ்சம் இழுத்துப் புடிங்க."

அவர் கைப்பிடியைப் பார்த்தார். காது அறுத்த பையை இன்னொரு தடவை பார்த்தார். வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு தரையில் உட்கார்ந்து, சேலையின் நுனியைச் சுருக்கமில்லாமல் பிடித்துக்கொண்டார். அவருடைய கண் கலங்கியிருந்ததை நான் பார்த்தேன், ஆனால் பார்க்காத மாதிரி இருந்துகொண்டேன். சாயங்காலம் மூன்று பேருமாகத் தபசுக்குப் போனோம். சிவகிரி பஸ்ஸில் அவர் தனியாக ஏறினார்.

இன்று மதினிக்குத் தெருமுனையில் தனிக் கடை, படமெடுக்கத் தனி அறை, தறிச் சத்தம் எட்டாத இடமாகப் பார்த்துப் பிடித்தது. கேமராவும் பெரிதாகிவிட்டது, அதற்கேற்ற தலையைத் தேர்ந்தெடுத்துக் கொடுத்ததும் நான்தான். பழையதைத் தூரப் போட்டுவிடாதே ஏட்டி என்று என் கையில் தந்துவிட்டாள். இதை எழுத உட்காருவதற்கு முன் அதில் ஒரு சின்னக் கேமராவை மாட்டி, கீழே பார்க்கும்படி குனிய வைத்துப் பூட்டிவிட்டு, டீ போடப் போனேன். குடித்து முடித்து வந்து பார்த்தேன். விட்ட இடத்தில் அப்படியே நின்றது.