கென்யா ரெய்டருக்கு ஒரு கிடாய்

கேலரியில் ஊளைச் சத்தம். என் குரல் எனக்கே கேட்கவில்லை.

ராமநாதபுரத்தில் பெண்கள் கபடி, இந்தியாவும் கென்யாவும். உள்ளூர்ப் போட்டிகளில் பல வருடம் மைக் பிடித்திருந்தாலும், வெளிநாட்டு அணி ஆடும் ஆட்டத்துக்கு அறிவிப்பாளராக அன்றுதான் முதல்முறை உட்கார்ந்தேன். அபிராமம் பக்கத்தில் எங்கள் ஊர். எங்கள் வீட்டில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான். தமிழிலும் இங்கிலீஷிலும் ஒரே ஆளாக ஸ்கோர் சொல்ல என்னைத்தான் கூப்பிட்டார்கள். இதைப் பெருமையாகத்தான் சொல்கிறேன்.

முதல் வேலை, பேர்

மைக் வேலைக்கு வரும் தங்கைகளே, இதைச் செய்யுங்கள். காலையிலேயே இரண்டு அணியிடமும் போய், ஒவ்வொருவர் பேரையும் அவர்கள் வாயாலேயே கேட்டுவிடுங்கள். கென்யாவின் ஏழாம் நம்பர் ரெய்டர் அச்சியெங். நான் மூன்று தடவை தப்பாகச் சொன்னேன், அவள் மூன்று தடவையும் சிரித்தாள். நாலாவது தடவை சரியாக வந்ததும் கைதட்டினாள்.

அந்த அச்சியெங்தான் சாயங்காலம் ஒரே ரெய்டில் களத்தில் மிச்சமிருந்த நம் ஆட்கள் மூன்று பேரையும் தொட்டுவிட்டுக் கோட்டைத் தாண்டினாள். நம் பக்கம் களத்தில் ஒருவரும் இல்லை. லோனா, அதாவது மொத்த அணியும் அவுட், அதற்குக் கூடுதலாக இரண்டு பாயிண்ட். கென்யா முன்னால் போய்விட்டது. அதுவரை கொடியை ஆட்டிக்கொண்டிருந்த கூட்டம் ஊளையிட ஆரம்பித்தது. நம் அணி டைம் அவுட் கேட்டது.

போட்டியை நடத்தும் மேற்பார்வையாளர் என் மேஜைக்கு வந்தார். "ஏம்மா, உங்க ஊர்க்காரங்களை அடக்கு. இன்னொரு தடவை ஊளை விட்டா கேலரியைக் காலி பண்ணிருவேன். நாளைக்கு மைக்குக்கு மதுரையில இருந்து வேற ஆள் வரும்."

"அமைதி காக்கவும்" என்றேன். ஊளை இன்னும் கூடியது.

டைம் அவுட்

அப்போது கேலரியில் இருந்து ஒரு பெண் கம்பித் தடுப்பைத் தாண்டி வந்தாள். கையில் காகிதக் கொடி. என் அம்மா.

"ஏத்தா, அந்தப் பிள்ளைக்கு நம்ம வெள்ளைக் கிடாயைச் சொல்லு."

எங்கள் பக்கத்து ஆட்டங்களில் அது வழக்கம். எந்த ஊர் ஆளாக இருந்தாலும் கபடி பாடி நன்றாக ரெய்டு போய் வந்தால், பார்ப்பவர்களில் ஒருவர் பரிசு சொல்லி மைக்கில் அறிவிக்கச் சொல்வார்.

"அம்மா, இது இன்டர்நேஷனல் மேட்ச்."

"இருக்கட்டுமே, இதுவும் கபடிதான? நம்ம களத்துல வந்து இம்புட்டு நல்லா பாடுற பிள்ளையப் பாத்து ஊளையா விடுறது? இந்தக் கொடியப் பிடிச்சுக்கிட்டு ஊளை விட்டா, கேவலம் அவளுக்கா நமக்கா?"

மேற்பார்வையாளர் என்னை முறைத்தார். டைம் அவுட்டில் பொது அறிவிப்பு செய்யலாம் என்று காலையில் அவரேதான் சொல்லியிருந்தார். மைக்கை எடுத்தேன்.

"கென்யா நாட்டு வீராங்கனை அச்சியெங்கின் அருமையான ரெய்டைப் பாராட்டி, அபிராமம் பக்கத்திலிருந்து வந்திருக்கும் ஒரு தாய் தரும் அன்பளிப்பு, ஒரு வெள்ளாட்டுக் கிடாய்!"

கேலரியில் ஒரே சிரிப்பு, கைதட்டல். "ஏலே, ஊளை விட்டவன் எவன்டா? நீயும் ஒரு சேவலாவது சொல்லுடா!" என்று ஒரு குரல். இன்னொருவர் எழுந்து நின்று தேங்காய் ஒரு சாக்கு என்று கத்தினார். நான் இங்கிலீஷில் சொன்னதும் கென்யா அணி முழுக்கத் துள்ளிக் குதித்தது.

மேற்பார்வையாளர் தலையில் கை வைத்தார். "ஆட்டை எப்படிம்மா ஃப்ளைட்ல ஏத்துவாங்க?"

கடைசி ரெய்டு

நம் அணி ஒவ்வொரு பாயிண்டாக மீட்டு, ஒரு பாயிண்ட் முன்னால் வந்துவிட்டது. கடைசி ரெய்டுக்கு வந்தவள் அச்சியெங். கூட்டம் "இந்தியா, இந்தியா" என்று அதிர்ந்தது. ஊளை இல்லை. நம் லெஃப்ட் கார்னரில் நின்றவள் தரையோடு பாய்ந்து அவள் கணுக்காலைப் பிடித்தாள். விடவே இல்லை. ஜெயித்துவிட்டோம். ஸ்கோரை இரண்டு மொழியிலும் இரண்டு தடவை சொன்னேன்.

கட்டிப்பிடித்து, கைகுலுக்கி முடிந்ததும் அச்சியெங் நேராக என் மேஜைக்கு வந்தாள். "அந்த ஆடு என்னுடையதுதானே? நான் யாருக்கும் கொடுக்கலாமா?" என்று இங்கிலீஷில் கேட்டாள். மைக்கை அவள் பக்கம் நீட்டினேன். அவள் சொன்னதை நான் தமிழில் சொன்னேன்.

"என்னைப் பிடித்த பெண்ணுக்கு, கென்யா நாட்டின் அன்பளிப்பு, ஒரு வெள்ளாட்டுக் கிடாய்!"

கேலரி மொத்தமும் எழுந்து நின்றது. இந்தியக் கொடிகளை ஆட்டிக்கொண்டே "அச்சியெங், அச்சியெங்" என்று கத்தினார்கள். காலையில் நான் தடுமாறிய பேர் ஊருக்கே சரியாக வந்தது.

மேற்பார்வையாளர் சிரித்துவிட்டார். "நல்ல வேளை, ஆடு நாட்டை விட்டுப் போகல. நாளைக்கும் நீயே வாம்மா."

மறுநாள் மதியம் அந்தக் கிடாய்க் கறியோடு இரண்டு அணிக்கும் ஒரே பந்தி. பரிமாறிய அம்மா மேற்பார்வையாளர் இலை முன்னால் நின்றாள். "சார், உங்க ரூல்ஸ்ல நல்லி எலும்பு கடிக்கலாமா?"

"டைம் அவுட்ல கடிக்கலாம்" என்றார்.

கூட்டத்தை அடக்குவது நம் வேலை இல்லை. அவர்கள் பெருமைப்பட ஒரு நல்ல காரணத்தைச் சத்தமாகச் சொல்வதே நம் வேலை. மைக் அதற்குத்தான்.