சர்வீஸுக்குக் கொடுத்த கேமரா

கறுப்புப் பஞ்சு விரலில் ஒட்டிக்கொண்டது. போன மாதம் சென்னையிலிருந்து வந்த என் மகள் நித்யா, எங்கோ தேடிப் பிடித்து வாங்கிய பழைய ஃபில்ம் கேமரா ஒன்றை என் மடியில் வைத்தாள். இப்போது அதுதான் பிள்ளைகளுக்கு மோஸ்தராம். பின்கதவைத் திறந்தேன். வெளிச்சம் புகாமலிருக்க ஓரத்தில் ஒட்டியிருந்த பஞ்சு மக்கிப்போய்த் தார் மாதிரி இளகியிருந்தது. மிஷின் எண்ணெய், பழைய ரெக்ஸின், மழைக்காலத்துப் பீரோ, மூன்றும் சேர்ந்த ஒரு வாசனை வந்தது.

"அம்மா, இதுக்கு என்ன லென்ஸ் வாங்கலாம்? சர்வீஸ் யார்கிட்ட கொடுக்கலாம்?" என்றாள்.

"முப்பத்தஞ்சு எம்.எம். வாங்கு" என்றேன். இரண்டாவது கேள்வி காதில் விழாத மாதிரி அடுப்படிக்குப் போய்விட்டேன். அவளிடம் சொல்லாததை உங்களிடம் சொல்கிறேன்.

திருவண்ணாமலை தனி மாவட்டமான வருஷம் எனக்கு ஓர் அரசு அலுவலகத்தில் டைப்பிஸ்ட் வேலை கிடைத்தது. அப்பா வீடு செங்கம் ரோட்டில், ஆசிரமத்துக்குக் கொஞ்சம் தள்ளி. மாடி அறையை வெள்ளைக்காரர்களுக்கு வாடகைக்கு விடுவோம். அப்படி இரண்டு வருடம் இருந்த ஒரு ஜெர்மன்காரம்மா ஊருக்குப் போகும்போது, கண் புரை விழுந்துவிட்டது, இனி இது தனக்கு எதற்கு என்று தன் கேமராவை என்னிடம் கொடுத்துவிட்டுப் போனார். இரும்புக் கட்டி மாதிரி கனம். பாட்டரி வேண்டாம், எல்லாம் சக்கரமும் ஸ்பிரிங்கும்தான். கழுத்தில் மாட்டிக்கொண்டால் நான் லேசாகக் கூன் போட்டு நடப்பேன். அம்மாவுக்கு அதுவே பெரிய கவலை. "பொண்ணு பார்க்க வர்றவங்க கூனின்னு நெனச்சிக்கப் போறாங்கடி" என்பாள்.

தேரடித் தெருவில் அன்வர் பாய் கடை இருந்தது. பாய் என்றதும் தாடியும் வயதும் நினைக்காதீர்கள், என்னைவிட நாலைந்து வயது பெரியவர் அவ்வளவுதான். கைக்கடிகாரமும் கேமராவும் பழுது பார்ப்பார். ஊரிலிருந்த ஸ்டுடியோக்காரர்கள் எல்லோரும் அவரிடம்தான் வருவார்கள். லென்ஸை டியூப் லைட்டுக்கு நேரே பிடித்து ஒரு கண்ணை மூடிக்கொண்டு பார்ப்பார். உள்ளே ஃபங்கஸ் இருந்தால் சிலந்தி நூல் மாதிரி தெரியும்.

கேமராவோடு வந்தது சாதாரண ஐம்பது எம்.எம். எனக்கு அது போதவில்லை. வீட்டு மொட்டை மாடியிலிருந்து மலை உச்சித் தீபத்தைக் கிட்ட இழுத்து எடுக்க வேண்டும் என்று ஆசை. அன்வர் பாய் மெட்ராஸ் போனபோது பழைய லென்ஸ்கள் இரண்டு வாங்கி வந்திருந்தார். ஒன்று நீளமான நூற்று முப்பத்தைந்து, இன்னொன்று குட்டியாக முப்பத்தைந்து.

"எனக்குப் பெரிசு" என்றேன்.

"வாணாம் மேடம். அது கை ஜாஸ்தி ஆடும். மலை எங்க ஓடிடப் போவுது? கீழ ஆளுங்கதான் நடந்துகினே இருப்பாங்க. அவங்கள எடுக்க இந்தச் சின்னது தான் சரி."

"எனக்கு மலைதான் வேணும்."

"உங்க இஷ்டம்" என்று காகிதத்தில் சுற்றிக் கொடுத்தார். கார்த்திகை தீபத்தன்று ஒரு ரோல் முழுவதையும் அதிலேயே எடுத்தேன். பிரிண்ட் வந்தது. படத்துக்குப் படம் தீபம் ஓர் ஆரஞ்சு மண்புழுவாக நெளிந்துகொண்டிருந்தது. கையில் கவரோடு கடை வாசலில் போய் நின்றேன். அன்வர் பாய் கவரைப் பிரித்துப் பார்க்கக்கூட இல்லை. உள்ளே போய் முப்பத்தைந்தை எடுத்து வந்து வைத்துவிட்டுப் பெரியதைத் திருப்பி வாங்கிக்கொண்டார். அன்று சிரித்திருந்தால்கூட எனக்குக் கொஞ்சம் தேவலையாக இருந்திருக்கும்.

அந்தச் சின்ன லென்ஸ்தான் என்னை வெளியே நடக்க வைத்தது. பௌர்ணமிக்குப் பௌர்ணமி சாயங்காலம் கிரிவலப் பாதையில் அடி அண்ணாமலை வரை போவேன். செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு நடப்பவர்கள், கையில் வாழைப்பழத் தட்டோடு ஒருவரோடொருவர் சண்டை போடும் பெண்கள், உட்கார்ந்து காலைப் பிடித்துவிட்டுக்கொள்ளும் கிழவர்கள் என்று கிட்டப் போய் எடுப்பேன். கல்யாணமான பிறகும் போனேன். என் கணவர் கூடவே வந்து பையைத் தூக்கிக்கொண்டு நிற்பார். "உங்க வீட்டம்மா போட்டோகிராஃபரா?" என்று யாராவது கேட்டால் பெருமையாகத் தலையாட்டுவார். நல்ல மனிதர். இதை இங்கேயே சொல்லிவிடுகிறேன், பிறகு சொல்ல வாய் வராது.

நித்யா வயிற்றில் ஏழு மாதம் இருந்தபோது கேமரா மக்கர் பண்ண ஆரம்பித்தது. ஷட்டரை ஒரு செகண்டுக்கு வைத்தால் சாவகாசமாக மூன்று செகண்டு கழித்து மூடியது. முப்பத்தைந்து லென்ஸின் உள்ளேயும் நூல் ஓடியிருந்தது. பிரசவத்துக்கு முன் அன்வர் பாயிடம் கொண்டுபோய் கேமராவையும் லென்ஸையும் கொடுத்தேன்.

"நிதானமா பண்ணி வைக்கறேன் மேடம். நீங்க நல்லபடியா பெத்துகினு வாங்க" என்றார்.

குழந்தை பிறந்தது. கேமராவைத் தானே வாங்கி வருவதாக என் கணவர் போனார். கடை பூட்டியிருந்தது என்று திரும்பி வந்தார். இன்னொரு நாள் போனார். "கடையையே காலி பண்ணிட்டாராம். பொருளையெல்லாம் எடுத்துகினு போய்ட்டாராம். எங்கன்னு யாருக்கும் தெரியல" என்றார். மூன்று மாதம் கழித்துக் குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு நானே போய்ப் பார்த்தேன். கட்டிடத்தையே இடித்திருந்தார்கள். வெறும் செங்கல் குவியல்.

எனக்கு வந்த ஆத்திரத்தை என்னவென்று சொல்வது? அன்றே பக்கத்துத் தையற்கடையில் சொன்னேன். அலுவலகத்தில் சொன்னேன். முன்பு பிரிண்ட் போடப் போன ஸ்டுடியோக்களில் எல்லாம், "பாய் என் கேமராவைத் தூக்கிகினு ஓடிட்டாரு, நீங்க யாரும் எதையும் கொடுத்துடாதீங்க" என்று சொன்னேன். உறவுக்காரர்கள் வீட்டுக்கு வந்தால் காபி கொடுத்துவிட்டு இந்தக் கதையையும் சொல்வேன். கை ஆட்டி, குரல் மாற்றி, நன்றாகவே சொல்வேன். பல தடவை என் கணவர் பக்கத்தில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தார்.

அந்தச் சமயம் ஒரு நல்லதும் நடந்தது. தினமும் பஸ்ஸில் வந்தவாசிக்குப் போய் வந்துகொண்டிருந்த என் கணவருக்கு உள்ளூருக்கே மாற்றல் கிடைத்தது. குழந்தை வந்த ராசி என்றார்கள். நானும் அப்படித்தான் நம்பினேன்.

நித்யா மூன்றாம் வகுப்பு படிக்கும்போது, அம்மாவின் கண் சிகிச்சைக்காக வேலூர் போனேன். மருந்து வாங்க நடந்த தெருவில், செல்போன் ரிப்பேர் என்று போர்டு வைத்த ஒரு சின்னக் கடைக்குள் அன்வர் பாய் உட்கார்ந்திருந்தார். தலை நரைத்திருந்தது. எதையோ விளக்குக்கு நேரே பிடித்து ஒரு கண்ணை மூடிப் பார்த்துக்கொண்டிருந்ததால்தான் அடையாளம் தெரிந்தது.

நேரே போய் நின்றேன். "என் கேமரா ஞாபகம் இருக்கா பாய்?"

அவர் கையிலிருந்ததைக் கீழே வைத்தார். "இல்லாம? அந்த லென்ஸ்ல ஃபங்கஸ் எடுக்கவே எனக்கு ரெண்டு நாள் ஆச்சு. உங்க வூட்டுக்காரர் வந்து வாங்கிகினு போனாரு. லட்டு கொடுத்தாரு. உண்ணாமலை நல்லா இருக்குதா?"

"யாரு உண்ணாமலை?"

"உங்க பொண்ணுதான். அந்தப் பேருதான் வைக்கப் போறோம்னு சொன்னாரே."

நான் அங்கிருந்த ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டேன். உண்ணாமலை என்பது என் மாமியார் பெயர். அதை வைக்க வேண்டும் என்று என் கணவர், வேண்டாம் என்று நான். குழந்தை பிறந்த முதல் பத்து நாள் எங்களுக்குள் நடந்த ரகசியச் சண்டை அது. பதினோராம் நாள் நித்யா என்று வைத்துவிட்டோம். அந்தப் பத்து நாளைக்குள் என் கணவர் வாயால் சொல்லியிருந்தால் தவிர, அன்வர் பாய்க்கு அந்தப் பெயர் தெரிய வழியே இல்லை.

"நான் உங்கள..." என்று ஆரம்பித்தேன்.

"தெரியும் மேடம். திருடன்னு சொன்னீங்க. கட்டடத்த இடிக்கறாங்கன்னு நான் இங்க வந்து, அஞ்சாறு மாசம் கழிச்சுக் கடை போட்டதும், அங்க நாலு ஸ்டுடியோக்காரங்களுக்கு கேமரா கொடுத்து அனுப்பச் சொல்லி ஆள் உட்டேன். ஒருத்தரும் அனுப்பல. கேட்டா, அந்தம்மா பொருள அமுக்கிட்டியாமேன்னாங்க. நேரா உங்ககிட்ட கேட்டுடலாம்னு ஒரு நாள் பஸ் ஏறுனேன். வழில கண்ணமங்கலத்துலயே எறங்கிட்டேன்."

"ஏன் பாய்? வந்திருக்கலாமே?"

"வந்து என்னத்த சொல்றது? கைக்குழந்தை இருக்கற வூடு. நான் சொல்றத நீங்க நம்பிட்டா அங்க என்ன ஆவும்? நம்பலன்னா எனக்கு என்ன ஆவும்?"

நான் மன்னிப்புக் கேட்டேன். பரவாயில்லை என்று அவர் சொல்லவில்லை. அடுத்த ஆள் நீட்டிய செல்போனை வாங்கிக் கழற்ற ஆரம்பித்துவிட்டார்.

வீட்டுக்கு வந்து, நித்யாவை டியூஷனுக்கு அனுப்பிவிட்டு, என் கணவரிடம் கேட்டேன். மறுக்கவில்லை. "ஆபீஸர் நீ எடுத்த படத்தைப் பார்த்துட்டு அந்தக் கேமராவையே கேட்டுகினு இருந்தாரு. அவர் கையெழுத்துப் போட்டாத்தான் மாத்தல். உங்க ரெண்டு பேர்கூட உள்ளூர்லயே இருக்கணும்னுதான் செஞ்சேன்" என்றார்.

"என்னைக் கேட்டிருக்கலாமே?"

"கேட்டா கொடுத்திருப்பியா?"

கொடுத்திருப்பேன். இரண்டு நாள் அழுதிருப்பேன், ஆனால் கொடுத்திருப்பேன். என்னோடு அத்தனை வருடம் இருந்தவருக்கு அது தெரியவில்லை.

"சரி, கேமரா போவுது. அந்த மனுஷனைத் திருடன்னு நான் சொன்னப்போல்லாம் பக்கத்துலதானே உக்காந்திருந்தீங்க? ஒரு நாளாவது நிறுத்துன்னு சொல்லத் தோணலியா?"

"நீ ஊரெல்லாம் சொல்லி முடிச்சிட்ட. அதுக்கப்புறம் எப்படி..." என்று இழுத்தார்.

வேலூருக்கு நீங்களே போய் அவரிடம் மன்னிப்புக் கேட்டுவிட்டு வாருங்கள், எனக்கு வேறொன்றும் வேண்டாம் என்றேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் போனார். மத்தியானம் வந்தார். "பார்த்துட்டேன். பாய் ரொம்பப் பெருந்தன்மையா பேசினாரு. டீ வாங்கிக் கொடுத்தாரு" என்றார். அன்று வெகுநாள் கழித்து அவருக்குப் பிடித்த மாதிரி வடகம் போட்ட குழம்பு வைத்தேன்.

இரண்டு மாதம் கழித்து அம்மாவை மறுபடியும் கண்ணைக் காட்ட அழைத்துப் போனேன். அன்வர் பாய் கடை வாசலில் நின்று, "அவர் வந்தது எனக்கு நிம்மதியா இருந்தது பாய்" என்றேன்.

அவர் நிமிர்ந்து பார்த்தார். "யாரு மேடம்? யாரும் வரலியே."

சொல்லிவிட்டு, என் முகத்தைப் பார்த்தோ என்னவோ, ஸ்டூலை எடுத்து வெளியே போட்டார். உட்காரச் சொல்லவில்லை, ஆனால் போட்டார். நான் உட்காராமல் வந்துவிட்டேன்.

அதற்கு மேல் என் கணவரிடம் எதுவும் கேட்கவில்லை. அலுவலகத்துக்கு இரண்டு நாள் லீவு போட்டுவிட்டு, அன்று யார் யாரிடம் சொன்னேனோ அவர்களைத் தேடிப் போனேன். தையற்கடைக்காரர், "அப்படியாம்மா" என்று துணியைத் திருப்பிப் போட்டுத் தைத்தார். இரண்டு ஸ்டுடியோக்களை மூடிவிட்டிருந்தார்கள். மூன்றாவதில் முதலாளி, புதிதாக வாங்கிய டிஜிட்டல் கேமராவைத் துடைத்துக்கொண்டிருந்தார். அன்வர் பாய் என் பொருளைத் திருடவில்லை, நான் சொன்னது பொய் என்றேன்.

"எந்த பாய்?" என்றார் அவர்.

ஒரு மனிதனின் பிழைப்பைக் கெடுத்த என் பேச்சு அவருக்கு நினைவில்கூட இல்லை. விளக்கிச் சொன்னேன். "அட, விடுங்கம்மா. இப்ப எவன் கேமராவ ரிப்பேர் பண்றான்?" என்றார்.

அப்புறம் எல்லாமே வேகமாகப் போய்விட்டது. ஃபில்ம் ரோல் விற்ற கடைகள் போயின. கேமராவை வாங்கிக்கொண்ட அதிகாரி ஓய்வு பெற்று வேறெங்கோ போய்விட்டார். அடுத்த முறை வேலூர் போனபோது அன்வர் பாய் கடை இருந்த இடத்தில் ஜூஸ் கடை இருந்தது. அவர் எங்கே போனார் என்று கேட்டேன், பக்கத்துக் கடைகளில் தெரியவில்லை. நான் அதன் பிறகு படமே எடுக்கவில்லை.

நாங்கள் இருவரும் இப்போது வேங்கிக்காலில் சொந்த வீட்டில் இருக்கிறோம். ரிட்டையர் ஆகிவிட்டோம், சண்டை சச்சரவு கிடையாது. காலையில் வாக்கிங் போய் வந்து, "வழில உன் அண்ணனைப் பார்த்தேன், உன்னை விசாரிச்சாரு" என்பார். சரி என்பேன். சாயங்காலம் அண்ணனுக்கு போன் போட்டுப் பேச்சுவாக்கில், "காலையில இவரைப் பார்த்தியா?" என்று கேட்டுக்கொள்வேன். பெரும்பாலும் பார்த்திருப்பான். இருந்தாலும் கேட்பேன். கேட்காமலே இருந்த காலம் ஒன்று என் வாழ்க்கையிலும் இருந்தது.